வன்னிச் சனத்தின் நெஞ்சுப் படபடப்பைச் சும்மா என்று தள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மையில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். வன்னி வைத்தியசாலைகளில் ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவின் வரிசை நீளுவதற்கு நோயே இல்லாத சனம்தான் காரணம் என்று அந்த ஐயா எழுதியிருந்தார். யுத்தம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் நெஞ்சு படபடக்குது, நித்திரை வருகுதில்லை என்று வருபவர்களுக்குத் தேவை மருந்தல்ல, மனத்தைரியம்தான் என்பது அவருடைய கருத்து. கெட்ட எண்ணத்தோடு அவர் எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஊரில் பலர் வாய்க்குள் வைத்திருப்பதைத்தான் அவர் எழுத்தில் போட்டிருக்கிறார். அப்படிப் பலர் நினைப்பதால்தான் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமத்து வைத்தியசாலைகளில் மருந்துக் கலவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். டொக்டருக்கு ஒரு நோயாளியோடு கதைக்க இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அவருக்கு முன்னால் சொல்லாமல் விட்டதை மருந்து வாங்குகிற யன்னலில் வந்து சொல்லுவார்கள். தலையிடி, வயிற்றெரிவு, நாரி நோ, கை கால் விறைப்பு, நெஞ்சுக்குள் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்குது, படுத்தால் திடுக்கிட்டு எழும்புகிறேன் என்றெல்லாம் சொல்லுவார்கள். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைப் பார்த்தால் பரசிற்றமோல், ஒமெப்ரசோல், ஒரு விற்றமின் என்று இருக்கும். அடுத்த மாதம் அதே முகம், அதே துண்டு. இசிஜி எடுத்தாயிற்று, சீனி பார்த்தாயிற்று, தைரொயிட்டும் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருகிற ஒரு அக்கா ஒருநாள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லையாம் மிஸ். அப்ப எனக்கு ஏன் இப்பிடிச் செய்யுது?" என்று கேட்டுவிட்டு அழுதா. அறிக்கை நல்லதாக வந்ததற்கு ஒரு மனிசி அழுகிறா என்றால், 'ஒன்றுமில்லை' என்கிற பதில் அவவுக்குப் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

அவவுக்குப் புல்லு வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்கக்கூடாது. பள்ளிக்கூட வளவிலோ வீதியோரத்திலோ அது ஓடத் தொடங்கினால் கை வியர்த்து, வாய் காய்ந்து, அடுப்படிக்குள் போய்ச் சுவரோடு இருந்துவிடுவா. 2008, 2009 இல் வன்னியில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வேவு விமானத்தை நாங்கள் 'வண்டு' என்போம். இரவிரவாக மேலே அது இரைந்துகொண்டே நிற்கும். அது மேலே சுற்றினால் பின்னால் செல்லடி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அக்காவின் புத்திக்கு, இது புல்லு மெஷின்தான் என்று நன்றாகத் தெரியும். ஆனால் உடம்பு புத்தியைக் கேட்டுவிட்டு நடுங்குவதில்லை. ஏன் அப்படி என்பதை என்னால் முடிந்த அளவுக்குச் சொல்லப் பார்க்கிறேன். வேலையில் இருந்த காலத்திலும் பிறகும், இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நிறைய வாசித்தேன்.

1936 இல் மொன்றியலில் ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், நஞ்சு மருந்து ஏற்றினாலும், உள்ளே நடக்கிற மாற்றம் ஒன்றாகவே இருக்கிறது என்று கண்டார். அதிரினல் சுரப்பி வீங்குகிறது, நோயெதிர்ப்புக்கு உதவுகிற தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. துன்பம் எந்த வடிவில் வந்தாலும் உடம்பு ஒரே பாதையில்தான் பதில் சொல்கிறது என்பதன் தொடக்கம் அது. அந்தப் பாதை இன்று நன்றாகத் தெரியும். ஆபத்து என்று பட்டதும் மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்ற பகுதி சி.ஆர்.எச். என்ற ஓமோனை விடுகிறது. அது கபச்சுரப்பியைத் தட்டுகிறது. கபச்சுரப்பி இன்னொரு ஓமோனை இரத்தத்தில் அனுப்புகிறது. அது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அதிரினல் சுரப்பிக்குப் போய்ச் சேர, அங்கிருந்து கோட்டிசோல் வருகிறது. அதே சுரப்பி விடுகிற அதிரினலின் என்ற இன்னொரு ஓமோன் நொடியில் நெஞ்சை அடிக்க வைத்துவிடும். கோட்டிசோல் கொஞ்சம் பிந்தி வரும், உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் எடுக்கும். ஆனால் அது மூளைக்குள்ளேயே போகும். அங்குதான் விஷயம் இருக்கிறது.

ஓமோன் தனியே ஒன்றும் செய்யாது. அது வந்து பொருந்துவதற்குக் கலத்தில் ஒரு புரதம் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் அதை வாங்கி என்று படித்திருப்பீர்கள். 1968 இல் புரூஸ் மெக்ஈவனும் கூட்டாளிகளும் எலிகளில் ஒரு புதுமையைக் கண்டார்கள். அழுத்த ஓமோனைப் பிடித்து வைத்திருக்கிற வாங்கிகள், ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நிறைந்து கிடந்தன. அதுவரைக்கும் கோட்டிசோல் என்றால் சீனி, உப்பு, வீக்கம் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். மூளையின் ஞாபக அறைக்குள் அதற்கு என்ன வேலை? பிறகு 1985 இல் நெதர்லாந்தில் றோல், டி குளூட் என்ற இருவர் மூளையில் இரண்டு வகை வாங்கிகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்று ஓமோனை மிக இறுக்கமாகப் பிடிக்கும், சாதாரண நாளிலேயே பெரும்பாலும் நிரம்பியிருக்கும். மற்றது பத்து மடங்கு தளர்வாகப் பிடிக்கும். விடியப்புறம் கோட்டிசோல் உயரும்போதோ, நெருக்கடி வரும்போதோதான் அது நிரம்பும். 'போதும், நிறுத்து' என்கிற செய்தியைத் தருவதில் இந்த இரண்டாவது வாங்கிக்குத்தான் பெரிய பங்கு.

வயல்காரருக்கு இது எளிதில் விளங்கும். இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் வருகிறது. வயல் நிரம்பியதும், தண்ணீரைத் திறந்துவிடுகிற கதவான துருசைப் பூட்டச் சொல்லி வயலிலிருந்து ஆள் போகவேண்டும். துருசடியில் நிற்பவருக்குக் காது கேளாமல் போய்விட்டால் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும், பயிர் அழுகும். நீண்ட காலம் அழுத்தத்தில் வைத்த விலங்குகளில் ஹிப்போகாம்பஸில் உள்ள அந்த இரண்டாவது வகை வாங்கிகள் குறைந்து போவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 'நிறுத்து' என்ற செய்தி போகிறது, ஆனால் அதைக் கேட்கிற இடம் மந்தமாகிவிடுகிறது.

அத்தோடு முடியவில்லை. அதே கோட்டிசோல் பரிவகக்கீழில் சி.ஆர்.எச். ஐக் குறைக்கிறது. பயத்தின் மையமான அமிக்டலாவிலோ அதைக் கூட்டுகிறது. இதை முதன்முதல் வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். ஒரே ஓமோன் ஓரிடத்தில் பயத்தை அடக்குகிறது, பக்கத்திலேயே இன்னோரிடத்தில் பயத்தை வளர்க்கிறது. ஒரு மணித்தியாலம், ஒரு நாள் பயந்தால் அடக்குகிற பக்கம் வெல்லும். மாதக்கணக்கில் பயந்தால் வளர்க்கிற பக்கம் மேலோங்கும்.

பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வுகூடத்தில் 2002 இலும் 2004 இலும் வெளிவந்த ஆய்வுகளை உங்கள் வாசகர்கள் எல்லாரும் அறியவேண்டும் என்பது என் ஆசை. எலிகளை நாளுக்கு இரண்டு மணித்தியாலமாகப் பத்து நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கலங்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. பிறகு எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டார்கள். சுருங்கின ஹிப்போகாம்பஸ் பழையபடி தேறிவிட்டது. அமிக்டலாவில் வளர்ந்த கிளைகளோ அப்படியே நின்றன. எலிகளின் பதற்றமும் போகவில்லை. தொல்லை நின்று 21 நாளாகியும் போகவில்லை. எலி வேறு, மனிதர் வேறு, எனக்கும் தெரியும். ஆனால் 'பிரச்சினை முடிந்துவிட்டது, இன்னும் ஏன் பயம்?' என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் காணவில்லை. தொல்லை முடிகிற நாளும் பயம் முடிகிற நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற சட்டம் மூளையில் இல்லை.

2010 இல் கனடாவின் ஒன்ராறியோவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, அழுத்த ஓமோனும் செரொட்டோனின் என்ற மூளை இரசாயனமும் எங்கே சந்திக்கின்றன என்று காட்டியது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் டொக்டர்மார் தருகிற பல குளிசைகள் செரொட்டோனின் சம்பந்தப்பட்டவை. சி.ஆர்.எச். தன்னுடைய வாங்கியில் போய்ப் பொருந்தும்போது, கலத்துக்கு உள்ளே ஒதுங்கிக் கிடக்கிற ஒரு வகைச் செரொட்டோனின் வாங்கிகள் கலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன என்று ஸ்டீபன் பெர்குசனின் குழு கண்டது. மேலே வாங்கிகள் கூடினால் அதே அளவு செரொட்டோனினுக்குக் கலம் கூடுதலாகப் பதில் சொல்லும். சுண்டெலிகளின் முன்மூளையில் சி.ஆர்.எச். ஐச் செலுத்தி, அந்தச் செரொட்டோனின் வாங்கியைத் தூண்டியபோது அவற்றின் பதற்ற நடத்தை கூடியது. வாங்கியை மறித்தபோது அது அடங்கியது. முதல் நாள் பட்ட அடி, அடுத்த நாள் வருகிற சின்ன விஷயத்தையும் பெரிதாக உணர வைக்கிறது என்பதற்கு ஒரு வழியையாவது இது காட்டுகிறது. சி.ஆர்.எச். வாங்கியை மறிக்கிற மருந்துகளை மனிதரிலும் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆகவே நாளைக்கே ஒரு குளிசை வந்து எல்லாம் மாறிவிடும் என்று நான் ஒருவருக்கும் ஆசை காட்டமாட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நெருக்கடிக்குப் பின்னான மனவடு நோய் உள்ள பலரில் கோட்டிசோல் கூடுவதில்லை, குறைந்தே இருக்கிறது. அவர்களில் 'நிறுத்து' என்ற செய்திக்கு வாங்கி அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாகிவிட்டது என்று றேச்சல் யெஹுடா என்ற ஆய்வாளர் காட்டினார். ஒரே அடி ஒருவரில் ஒரு விதமாகவும் மற்றவரில் வேறு விதமாகவும் பதிகிறது. அதனால் இரத்தத்தில் கோட்டிசோலை அளந்து பார்த்துவிட்டு 'உங்களுக்குப் பிரச்சினை இல்லை' என்று அனுப்புவதும் சரிவராது.

இப்போது அந்த ஐயா சொன்ன மனத்தைரியத்துக்கு வருகிறேன். மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளிக்கிட்டு, கிளிநொச்சி, விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று பிள்ளையையும் தாயையும் தூக்கிக்கொண்டு முள்ளிவாய்க்கால் மட்டும் நடந்து வந்த மனிசியிடம் தைரியம் இல்லை என்று யார் சொல்வது? பங்கருக்குள் பிரசவம் பார்த்த மருத்துவிச்சியிடம் இல்லையா? செல் விழுந்த இடத்தில் கஞ்சி காய்ச்சிக் குடுத்தவர்களிடம் இல்லையா? இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்று, திரும்பி வந்து, பற்றைக்காடாகிப் போன வளவை வெட்டித் துப்புரவாக்கி மிளகாய் நட்ட சனம் இது. இவர்களிடம் இருக்கிற தைரியம்தான் இவர்களை இந்த வரிசைக்காவது கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. தைரியத்துக்கு அடங்காத ஒன்று உடம்புக்குள் நடக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்லத் தெரியாமல் சொல்வது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 இன் நடுப்பகுதியில் எடுத்த ஓர் ஆய்வு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதமானோருக்கும், மனச்சோர்வு 22.2 சதவீதமானோருக்கும், பதற்றம் 32.6 சதவீதமானோருக்கும் இருந்தன. மூன்றில் ஒருவருக்குப் பதற்றம். யுத்தத்தின் மனப்பாதிப்பு என்றால் நாங்கள் கனவில் அலறுகிறவர்களையே நினைக்கிறோம். யன்னலடியில் வயிற்றெரிவு என்று வந்து நிற்பவர்கள் அவர்களைவிட அதிகம்.

கடந்து போன அடியைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். ஆனால் என்னை உண்மையில் கோபப்படுத்துவது இன்று நடப்பவைதான். அந்தப் பாதையை நாங்கள் இன்னும் ஒவ்வொரு நாளும் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2016 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. 45 பேருக்குக் கணினியில் ஒரு விளையாட்டு. கல்லைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்குமா, இல்லையா என்று ஊகிக்கவேண்டும். பாம்பு இருந்தால் கையில் நோகிற மாதிரி மின் அதிர்ச்சி கிடைக்கும். கட்டாயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்த அழுத்தத்தைவிட, வரலாம் வராமலும் விடலாம் என்று நூற்றுக்கு ஐம்பதாக இருந்தபோதுதான் அழுத்தம் உச்சமாக இருந்தது. கண்ணின் பாவையும் வியர்வையும்கூட அதையே சொல்லின. நிச்சயமான கெடுதியை உடம்பு ஓரளவுக்குத் தாங்குகிறது. நிச்சயமின்மையைத் தாங்கப் படாத பாடு படுகிறது.

இதை வாசித்தபோது 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடத் தொடங்கிய தாய்மார்தான் என் கண்ணுக்குள் வந்தார்கள். மகன் இருக்கிறானா, இல்லையா? நூற்றுக்கு ஐம்பது என்கிற அந்த இடத்திலேயே அவர்களை இத்தனை வருடமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படலை திறக்கிற சத்தம் கேட்டால் எழும்புகிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். இரவில் படலைக்குச் சங்கிலி போடமாட்டா, மகன் வந்தால் திறக்க வேண்டுமே என்று. அவவின் பிரஷர் குளிசையை நாங்கள் கூட்டிக்கொண்டே போனோம். அவவுக்குத் தேவையான பதில் மருந்தகத்தில் இல்லை. அரசியல் கதைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். உண்மையைச் சொல்வது ஒரு சுகாதார நடவடிக்கையும்தான் என்று மருந்து குடுத்தவளாக நின்று சொல்கிறேன்.

அடுத்தது கடன். நுண்நிதிக் கடன் எடுத்த பெண்களின் வீட்டுக்கு வசூலிக்க வருகிற பெடியள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். சில இடங்களில் இருட்டின பிறகும் வருகிறார்கள், வாசலில் இருந்துகொண்டு காசு தராமல் போகமாட்டோம் என்கிறார்கள். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததாக அறிவித்தது. அது சிலருக்கு உதவியது. ஆனால் கடன் வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. கிழமைக்குக் கிழமை, எப்போது வருவான் என்று தெரியாமல் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டிருக்கிற பெண்ணின் உடம்பில் கோட்டிசோல் என்ன பாடு படும்? காசு திருப்பிக் குடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில், சொன்ன நாளில், சொன்ன இடத்தில் வாங்குங்கள். பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் நினைத்தால் இதை நடைமுறைப்படுத்தலாம்.

கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எடுத்த வெடிபொருளை வெடிக்க வைத்து அழிக்கிறார்கள். நல்ல வேலை, உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை. அந்த நாளையும் நேரத்தையும் முதல் நாளே கோவில், தேவாலய ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், சத்தம் அதே சத்தம்தான், ஆனால் எப்போது கேட்கும் என்று தெரிந்த சத்தம். யானையை விரட்டக் கொளுத்துகிற யானை வெடியும் அப்படித்தான், என்றாலும் யானை நேரம் சொல்லிக்கொண்டு வராது. கலியாண வீட்டில், கோவில் திருவிழாவில் கொளுத்துகிற வெடிக்கு அந்தச் சாட்டு இல்லை.

இனி மருந்து. என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விபரமாக எழுத விடுங்கள். மனநலக் கிளினிக்கில் தருகிற புளுஒக்சற்றீன், சேர்ட்ரலின் போன்ற குளிசைகள் முதல் நாளே வேலை செய்யாது. இரண்டு முதல் நாலு கிழமை, சிலருக்கு அதைவிடக் கூடவும் எடுக்கும். தொடக்கத்தில் ஓங்காளமும், கொஞ்சம் கூடுதலான படபடப்பும் வரலாம். இதை யாரும் சொல்லாவிட்டால் ஒரு கிழமையில் "கேக்குதில்லை" என்று குளிசையைக் கூரைக்குள் சொருகிவிடுவார்கள். பையில் குளிசையைப் போடும்போது இந்த இரண்டு வசனத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

டயஸிபாம் அப்படியல்ல, உடனே அமைதி தரும், அது வேறு வகை வாங்கியில் வேலை செய்கிறது. அதனால்தான் சனத்துக்கு அது பிடிக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும். திடீரென்று விட்டால் பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்பும். டொக்டர் சொல்லாமல் வாங்கவும் கூடாது, டொக்டர் சொல்லாமல் விடவும் கூடாது.

பிரெட்னிசோலோன் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என் மனம் இடம்தராது. மூச்சு இழுப்புக்கும் மூட்டு நோவுக்கும் துண்டில்லாமல் இந்தக் குளிசையைத் தனியார் மருந்துக் கடைகளில் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது கோட்டிசோலைப் போலச் செய்த மருந்து. நான் மேலே எழுதிய அந்த இரண்டாவது வாங்கியில் போய்த்தான் இதுவும் பொருந்துகிறது. இழுப்புக்கு உயிர் காக்கிற மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூடிய அளவில் போடும்போது நித்திரை கெடும், சிலருக்குப் பதற்றமும் மனக்குழப்பமும் வரும். நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அதிரினல் சுரப்பி சுரக்க மறந்து உயிராபத்தே வரலாம். ஏற்கனவே பதற்றத்தோடு இருக்கிற ஒருவருக்கு இதைக் கேட்டவுடன் எடுத்துக் குடுப்பது பெரிய பிழை. கடைக்காரத் தம்பிமார் இதை வாசித்தால் துண்டைக் கேளுங்கள்.

2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மனநல மருந்துகளை 'வெளியில வாங்குங்கோ' என்று எழுதி அனுப்பின காலத்தை நான் மறக்கமாட்டேன். கூலிவேலை செய்கிறவர் எங்கே வாங்குவது? பஸ் காசு குடுத்து வருபவர் வெறுங்கையோடு இரண்டு முறை திரும்பினால் மூன்றாம் முறை வரமாட்டார். 'விசர் கிளினிக்' என்று ஊர் சொல்லும் என்ற வெட்கத்தைத் தாண்டித்தான் முதல் முறையே வந்திருப்பார். வருகிற டொக்டர் மாறிக்கொண்டேயிருந்தால், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்தவர்களுக்கு அதுவே இன்னொரு தொல்லை.

பிள்ளைகளைப் பற்றி. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் இப்போது பதற்றம் என்று வருகிறார்கள், ஏன் என்று ஆசிரியர்மார் என்னைக் கேட்பார்கள். கனடாவில் மைக்கேல் மீனியின் குழு 2004 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வெளிச்சம் தரும். குட்டிகளை அடிக்கடி நக்கி அரவணைக்கிற தாய் எலியின் குட்டிகளுக்கு ஹிப்போகாம்பஸில் அந்த 'நிறுத்து' வாங்கிகள் கூடுதலாக இருந்தன. வளர்ந்த பிறகும் அவை பதறுவது குறைவு. அரவணைப்புக் குறைந்த தாயின் குட்டிகளுக்கு வாங்கிகள் குறைவு. ஆனால் அந்தக் குட்டிகளை நன்றாக அரவணைக்கிற தாயிடம் மாற்றிவிட்டபோது அவையும் அந்தத் தாயின் குட்டிகளைப் போலவே வளர்ந்தன. இதைச் சொல்லித் தாய்மாரைக் குற்றம் சொல்ல யாரும் புறப்படக்கூடாது. வசூலிக்க வருகிறவனுக்குப் பயந்து, தொலைந்த அண்ணனை நினைத்து, நித்திரையில்லாமல் கிடக்கிற தாயின் மடியில்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. பிள்ளைக்குச் செய்யவேண்டிய வைத்தியத்தில் பாதி தாய்க்குச் செய்யவேண்டியது. மகப்பேற்றுக் கிளினிக்கில் நிறையும் பிரஷரும் பார்க்கும்போது, நித்திரை எப்படி, நெஞ்சு படபடக்குதா என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுக் கொப்பியில் எழுதினால் எவ்வளவு நல்லது.

மாற முடியும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில் மனவடு நோய் இருந்த 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குத் தங்கள் கதையை ஒழுங்காகச் சொல்ல வைக்கிற முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தினவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது இரண்டு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். பெரிய இயந்திரமோ, கொழும்பிலிருந்து வருகிற விசேட நிபுணரோ தேவைப்படவில்லை. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆளும், இடையில் நிற்காத ஆறு சந்திப்பும் தேவைப்பட்டன. வன்னியில் உளவளத்துணைக்குப் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் திட்டம் முடிந்ததும் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும் அவர்களில் ஒருவரை நிரந்தரமாக நியமிக்கும்படி மாகாண சுகாதாரத் திணைக்களத்தை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குக் கதவு உள்ள ஒரு அறையும் குடுங்கள். மருந்து யன்னலில், பின்னால் வரிசை நிற்க, மகன் காணாமல் போன கதையை ஒரு தாய் சொல்லவேண்டி வரக்கூடாது.

கடிதம் எழுதிய ஐயாவுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது நெஞ்சு படபடக்குது என்று சொன்னால் முதலில் இசிஜி எடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் ஒன்றும் இல்லையென்றால் மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் நாள் எது என்று ஓபிடியிலேயே கேட்கலாம். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். போகும்போது ஏற்கனவே போடுகிற எல்லாக் குளிசையையும், கடையில் வாங்கினதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்துக் கலவையாளர்,
முள்ளியவளை.